கான்டினோ வரைபடம்: நியூஃபவுண்ட்லாந்து கிழக்கே நகர்ந்தது எப்படி?

கடல்நாகம்:
1502-இல் லிஸ்பனில் வரைந்த கான்டினோ உலக வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்று உறுத்துகிறது. 1494-இல் தொர்தெசில்லாஸ் ஒப்பந்தத்தில் போர்ச்சுகலும் காஸ்டிலும் (இன்றைய ஸ்பெயினின் பகுதி) கடலைப் பங்கு போட்டன: கேப் வெர்டே தீவுகளுக்கு மேற்கே 370 லீக்கில் (லீக் பழைய தூர அளவு) ஒரு கோடு, அதற்குக் கிழக்கே உள்ளது போர்ச்சுகலுக்கு. இன்றைய கனடாவின் கிழக்குக் கரைத் தீவான நியூஃபவுண்ட்லாந்து உண்மையில் கோட்டுக்கு மேற்கே இருக்கிறது. வரைபடத்திலோ கிழக்கே வந்து, போர்ச்சுகல் அரசரின் நிலம் என்று பெயரும் வாங்கிவிட்டது. அதே தாளில் ஆப்பிரிக்கக் கரை அத்தனை துல்லியம். தெரிந்தே நகர்த்தியிருக்கிறார்கள்.

திசைமானி:
ஆப்பிரிக்காவோடு ஒப்பிடாதீர்கள் நண்பரே. அந்தக் கரையை அவர்கள் பல பத்தாண்டுகளாகத் தொட்டுத் தொட்டுப் போனார்கள், கரையிறங்கி அட்சரேகை அளந்தார்கள். வடமேற்கே போர்ச்சுகல் மாலுமி கஸ்பார் கோர்த்தே-ரியால் போனது 1500-லும் 1501-லும்தான். நடுக்கடலில் தீர்க்கரேகை அளக்க அன்று வழியே கிடையாது. மிஞ்சியது திசைகாட்டி மட்டும். அந்தப் பக்கம் அதன் முள் உண்மை வடக்கைக் காட்டாமல் மேற்கே சாயும். அட்லாண்டிக் நடுவே உள்ள அசோர்ஸ் தீவுகளிலிருந்து வடமேற்கே போன கப்பலுக்கு, முள்ளின் கணக்கில் தன் பாதை இன்னும் வடக்காகப் போனதாகத் தெரியும். அதே கோணத்தில் தாளில் கோடு இழுத்து, அளந்த அட்சரேகை வரும் இடத்தில் கரையை வையுங்கள். நிலம் தானாகவே கிழக்கே வந்து விழும். இதில் சதி எதற்கு?

கடல்நாகம்:
விளக்கம் நன்றாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிழை அரசருக்குச் சாதகமாகவே விழுந்ததே! அந்த நிலத்தில் பாய்மரத்துக்கு ஏற்ற மரங்கள் நிறைய என்று வரைபடக் குறிப்பே சொல்கிறது. கப்பல் கட்டும் நாட்டுக்கு அது சின்ன ஆசையா?

பழஞ்சுவடி:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அதே குறிப்பில் இன்னொன்றும் இருக்கிறது: கோர்த்தே-ரியால் அங்கிருந்த ஆண்களையும் பெண்களையும் ஒரு கப்பலில் அனுப்பிவைத்தார், பின்னால் நின்ற அவர் திரும்பவே இல்லை. கோடு கிழக்கா மேற்கா என்று பேசும்போது, கடத்தப்பட்ட அந்த மக்களையும் நினைக்க வேண்டும். அவர்களை யாரும் கேட்கவில்லை.

திசைமானி:
உண்மை ஐயா. சரி, சாதகம் என்பது சான்று ஆகாது. இது காஸ்டிலிடம் நீட்ட வரைந்த படமும் இல்லை. இத்தாலியின் ஃபெராரா பிரபுவின் ஆள் அல்பெர்தோ கான்டினோ 12 டுகாட் தங்க நாணயம் கொடுத்து இத்தாலிக்குக் கொண்டுபோனது. அப்புறம், ஏறத்தாழ 1504-இல் போர்ச்சுகலின் வரைபடக் கலைஞர் பெத்ரோ ரெய்னெல் வரைந்த கடல்படத்தைப் பாருங்கள். நியூஃபவுண்ட்லாந்துக்கு அருகே இரண்டாவதாக ஓர் அட்சரேகை அளவுகோல், சாய்வாக. முள் சாய்வதைச் சமாளிக்கத்தான் அது.

கடல்நாகம்:
அங்கேதான் நானும் நிற்கிறேன். 1504 வாக்கில் ரெய்னெலுக்குத் தெரிந்திருந்தால், 1502-இல் அதே லிஸ்பனில் யாருக்குமே தெரியாதா? பிரபுவுக்குப் போனது நகல்தான், மூலம் அரசரின் படமாக இருந்திருக்கலாம். திசைகாட்டி நகர்த்தியது என்பதை ஏற்கிறேன். சந்தேகம் இருந்தும் திருத்தாமல் விட்டார்கள் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

திசைமானி:
திருத்தவில்லை என்றால் மறுக்க மாட்டேன். நகர்த்தினார்கள் என்றால் ஒப்ப மாட்டேன்.