செம்புக் காசுல “ஒரிஜினல் கலர்”னு சொன்னா நம்புறீங்களா? பார்த்ததைச் சொல்லுங்க

காலணாப்பித்து (மதுரை, நரிமேடு)

போன மாசம் நம்ம ஊர்ல ஒரு கல்யாண மண்டபத்துல நாணயக் கண்காட்சி. ஒரு மேசையில தட்டு நிறைய 1835 கால் அணா. கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) முத்திரைக்கு ரெண்டு பக்கமும் சிங்கம் கொடியைப் பிடிச்சுக்கிட்டு நிக்குமே, அந்தக் காசு. அத்தனையும் பளபளன்னு செவப்பு. பழுப்பா இருந்தா நூறு, நூத்தம்பதுக்கு வாங்கலாம். இவரு எண்ணூறு சொன்னாரு. “மிண்ட்டுல இருந்து வந்த மேனிக்கே இருக்கு தம்பி, ஒரிஜினல் கலர்.”

ஒண்ணை எடுத்துக்கிட்டு ஜன்னல் பக்கம் போனேன். சிங்கத்தோட பிடரி தேஞ்சு வழுவழுன்னு கிடக்கு. கொடியில ஒரு கோடு இல்லை. அதாவது அந்தக் காசு நல்லா புழங்கியிருக்கு. புழங்குன காசுல முதல்ல கறுக்குறது மேடான இடம், ஏன்னா கை அங்கதான் படும். செவப்பு மிச்சம் இருந்தா எழுத்துக்கு இடையில, இலை வளையத்துக்குள்ள, விளிம்புக்கு ஒட்டுன பள்ளத்துல இருக்கணும். இங்க மேடெல்லாம் செவப்பு, பள்ளத்துல கறுப்பு. தலைகீழ்.

“அண்ணே, இதைக் கழுவியிருக்காங்கல்ல?”ன்னேன். “எங்க தாத்தா காலத்துப் பொட்டிப்பா இது”ன்னாரு. காசைத் தட்டுல வச்சுட்டு அடுத்த மேசைக்குப் போயிட்டேன். நான் நிக்கும்போதே ரெண்டு பேர் வாங்குனாங்க.

நீங்க நிறத்தை எப்படிப் பார்க்குறீங்க? புத்தகத்துல இருக்கிறது வேணாம், கண்ணால பார்த்ததை எழுதுங்க.

பாத்திரக்கடை வீட்டுப் பொண்ணு

அண்ணா, எங்க தாத்தா புதுமண்டபத்துல பாத்திரக்கடை வச்சிருந்தவர். செம்புக் குடம் எப்படிச் சிவக்கும்னு எனக்குச் சொல்லித் தர வேண்டாம்.

புளியும் கல்லுப்பும்தான் வித்தை. புளியில இருக்கிற அமிலம் மேல படிஞ்ச கறையைக் கரைக்கும், உப்பு அதை வேகப்படுத்தும். ரெண்டு நிமிஷத்துல கறுத்த குடம் பளிச்சுன்னு ஆகிடும். ஆனா அது புதுசுல இருந்த செவப்பு இல்லை, ஒரு வெளிறின ரோஸ். குடத்துக்கு அது போதும். காசுல அந்த ரோஸைப் பார்த்தா எனக்கு உடனே புளி வாசனைதான் அடிக்கும்.

இன்னொண்ணு. அச்சுல அடிக்கும்போது உலோகம் நடுவுல இருந்து விளிம்பு நோக்கி ஓடும். அந்த ஓட்டத்தோட வரி கண்ணுக்குத் தெரியாத மெல்லிசா மேல நிக்கும். அதனாலதான் கழுவாத புதுக்காசை ஒரு பல்புக்குக் கீழ வச்சு மெதுவாத் திருப்புனா, வெளிச்சம் சக்கரத்து ஆரம் மாதிரிச் சுத்தி வரும். புளி போட்டதுல அந்த வரியை அமிலம் தின்னுடும். திருப்பினாலும் வெளிச்சம் ஒரே இடத்துல சோர்ந்து கிடக்கும். நிறத்தை நான் ரெண்டாவதாத்தான் பார்ப்பேன், முதல்ல இந்தச் சுத்தல்.

போன வருஷம் ஒருத்தர் எங்க கடைக்கே ஒரு டப்பா நிறைய காசு கொண்டாந்து, “பாப்பா, பாலீஷ் போட்டுத் தர்றியா, விலை கூடும்”னு கேட்டாரு. அப்பா மாட்டேன்னுட்டாரு. பக்கத்துத் தெருவுல எங்கேயோ போட்டுக்கிட்டாராம். மழைக்காலம் வந்ததும் எழுத்து இடுக்குல எல்லாம் பச்சைப் புள்ளி பூத்துருச்சுன்னு திரும்ப வந்தாரு. உப்பைச் சரியா அலசலைன்னா அப்படித்தான் ஆகும்.

தேனிக்காரன்

வாட்ஸ்அப்ல வாங்குற என்னை மாதிரி ஆளுக்கு ஜன்னல் வெளிச்சமும் இல்லை, திருப்பிப் பார்க்கவும் வழியில்லை. ஒருத்தர் விக்டோரியா கால் அணா படம் அனுப்பியிருந்தார், அப்படி ஒரு செவப்பு. காசைத் தாங்கியிருந்த அவர் உள்ளங்கையைப் பார்த்தேன். மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருந்துச்சு. குண்டு பல்புல எடுத்திருக்காரு.

“சார், வெள்ளைத் தாள் மேல வச்சு, வெயில் நேரா விழாத திண்ணையில ஒரு படம் எடுங்க. அப்படியே சாய்ச்சு ஒரு சின்ன வீடியோ”ன்னேன். வந்துச்சு. நல்ல பழுப்புக் காசு, இங்கிட்டு அங்கிட்டு லேசா செவப்பு. நேர்மையான காசுதான், படம்தான் பொய். பேசி வாங்கிட்டேன். அவரு ஏமாத்தணும்னு பண்ணலை, செல்போன் கேமரா தானாக் கலர் ஏத்திருது. அதனால இப்பல்லாம் தாள் வெள்ளையாத் தெரியுதான்னு பார்த்துட்டுத்தான் காசைப் பார்க்குறது.

ஓய்வு வாத்தியார் (திருமங்கலம்)

வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செம்பு காற்றில் பட்டதும் மெல்லிய ஆக்சைடு படலம் கட்டத் தொடங்கிவிடும். அது தடிக்கத் தடிக்கச் சிவப்பு மங்கிப் பழுப்பாகும். காற்றில் கந்தகம் இருந்தால் கறுக்கும். ஈரமும் கரியமில வாயுவும் பல காலம் சேர்ந்தால் பச்சைப் படலம். இவை எல்லாம் காசுக்குக் கெடுதல் இல்லை, மேலே ஒரு போர்வை. உப்பின் குளோரைடு உள்ளே புகுந்தால் மட்டும் வெளிர்பச்சைப் பொடியாகக் கிளம்பி உலோகத்தை அரித்துக்கொண்டே போகும். விரலில் ஒட்டும் பொடி என்றால் வாங்காதீர்கள், மற்ற காசுகளோடு வைக்கவும் வைக்காதீர்கள்.

சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலத்துக்கு, அதாவது உயிரோடு ஒட்டியிருக்கும் அழுக்குக்கு, செம்பில் களிம்பை உவமை சொல்வார்கள், செம்போடு கூடவே இருப்பது என்று. வகுப்பறையில் நான் அதை ஒத்துக்கொண்டதில்லை. காற்றும் ஈரமும் இல்லாமல் களிம்பு எங்கிருந்து வரும்? ஆனால் காசு வாங்கும் இடத்தில் சித்தாந்தமே சரி. களிம்பு தனி, காசு தனி என்று பிரித்தெடுக்கப் போனால் காசின் மேல்தோலும் கூடவே போய்விடுகிறது.

இனி அனுபவம். மேலூர் பக்கம் பழைய மாணவர் ஒருவர் வீட்டில், பரணில் இருந்த ஹார்லிக்ஸ் பாட்டிலை இறக்கிக் காட்டினார். முழுக்க ஒரு நயா பைசா. 1957-இல் வந்து, 1962 வரை வெண்கலத்தில் அடித்தார்களே, அந்தச் சின்னக் காசு. புழக்கத்துக்குப் போகாமல் அவருடைய பாட்டி அப்படியே போட்டு வைத்திருக்கிறார். மேலே இருந்தவை கறுப்பு. கொட்டிப் பார்த்தால் நடுவில் இருந்தவற்றில் நல்ல சிவப்பு. ஒன்றின் மேல் ஒன்று படிந்து கிடந்ததால், மூடியிருந்த பகுதி மட்டும் பிறை வடிவில் சிவந்தும், காற்றுப்பட்ட பகுதி பழுத்தும் இருந்தது. ஒரு முகம் பழுப்பு, மறுமுகம் சிவப்பு என்று சில. சிவப்பிலிருந்து பழுப்புக்கு வெட்டினாற்போல் மாறாமல் இடையில் ஆரஞ்சு, ஊதா என்று நிறம் வழிந்து போயிருந்தது. இயற்கையாகக் காப்பாற்றப்பட்ட சிவப்பு எப்படி இருக்கும் என்பதற்கு அந்த பாட்டிலை விட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

வெளிநாட்டுத் தரச்சான்று நிறுவனங்கள் செம்புக் காசைச் சிவப்பு, சிவப்பு-பழுப்பு, பழுப்பு என்று மூன்றாகப் பிரிப்பதைப் பலரும் அறிந்திருப்பீர்கள். அதில் பழுப்பு என்பது குறை அல்ல, சுத்தமான பழுப்பு பொய்யான சிவப்பை விட மேல்.

மறந்துவிட்டேன், ஒன்று. கால் அணாவை 1906-இல் செம்பிலிருந்து வெண்கலத்துக்கு மாற்றினார்கள். எடையும் சுமார் 6.5 கிராமிலிருந்து 4.9 கிராம் அளவுக்குக் குறைந்தது. அந்த ஒரே ஆண்டில் இரண்டும் உண்டு. வெண்கலத்தில் தகரமும் துத்தநாகமும் இருப்பதால் புதுசிலேயே நிறம் சற்று மஞ்சள் பக்கம் சாயும். எட்வர்டு மன்னரின் செம்புக் காசையும் ஐந்தாம் ஜார்ஜின் வெண்கலக் காசையும் பக்கத்தில் வைத்து, “இது ஏன் அது மாதிரி சிவக்கவில்லை” என்று ஒருவர் கடைக்காரரிடம் சண்டை பிடித்ததை நேரில் பார்த்தேன். உலோகமே வேறு ஐயா!

கப்பல்காசு

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். எல்லாரும் “இருநூறு வருஷக் காசு செவப்பா இருந்தா புளிதான்”னு முடிவு கட்டிடாதீங்கன்னு சொல்லத்தான் வந்தேன்.

சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்துல, பர்மிங்காம் சோஹோ ஆலையில அடிச்ச 1808 பத்து காசு, இருபது காசு இருக்குல்ல. அதை ஏத்திக்கிட்டு வந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ங்கிற கப்பல் 1809 ஜனவரியில இங்கிலாந்துக் கரையைத் தாண்டுறதுக்குள்ளயே குட்வின் மணல்திட்டுல மோதி முழுகிடுச்சு. 1980-கள்ல பீப்பாயோட எடுத்தாங்க. நம்ம ஊர்ச் சந்தையில ஒரு நாள்கூடப் புழங்காத காசு. பீப்பாய்க்கு உள்பக்கமா நெருக்கி இருந்ததுல சிலது இன்னிக்கும் செவப்பும் பழுப்புமா, எழுத்து கூர்மையா இருக்கு.

ஒரு வியாபாரி எங்கிட்ட ரெண்டு காட்டுனாரு, ரெண்டும் கப்பல் காசுன்னாரு. ஒண்ணு மேல்பரப்பு மழமழன்னு, நிறம் மங்கின செவப்பு. இன்னொண்ணு நல்ல ரோஸ், ஆனா லென்ஸ் வச்சா முழுக்க மணல் மணலாப் பொரிஞ்சிருக்கு. கடல்தண்ணி தின்ன காசு, அப்புறம் அமிலத்துல கழுவினது. ரெண்டும் அதே கப்பலாக்கூட இருக்கலாம், ஒரே விலை சொன்னதுதான் அநியாயம். முதலாவதை எடுத்தேன்.

வைகைமணல்

நீங்க பேசுறது எல்லாம் வெள்ளைக்காரன் காசு. பாண்டியர் சதுரக் காசுக்கு வாங்க. அதுல செவப்பு தேடுறவன் ஆரம்பத்துலயே தப்பான கடைக்கு வந்துட்டான். ரெண்டாயிரம் வருஷம் மண்ணுல கிடந்த செம்புக்குப் படலம்தான் ஒரிஜினல் கலர்.

மதுரையில வைகை மணல்ல கிடைச்ச சின்ன ரோமானியச் செம்புக் காசுகளை அருங்காட்சியகத்துலயும் சேகரிப்பாளர் கையிலயும் பார்த்திருக்கேன். நான் பார்த்தவரைக்கும் ஆத்துக் காசு பெரும்பாலும் கரும்பழுப்புதான், தண்ணி ஓடி ஓடி மழுங்கியிருக்கும். ஒரு நாள் ஆத்தோரம் டீக்கடையில ஒருத்தர் மடியில இருந்து ஒரு பொட்டலத்தை அவுத்தாரு. யானை போட்ட சதுரக் காசு, கிளிப்பச்சையில. “நேத்துத்தான் ஆத்துல எடுத்தது மாமா.” யானையோட முதுகுலயும் பச்சை, பள்ளத்துலயும் அதே பச்சை, வெட்டு விளிம்புலயும் அதே பச்சை. நகத்தால சுரண்டினேன், பொருக்கா உதிர்ந்து கீழ புதுச் செம்பு பளிச்சுன்னுச்சு. நிஜப் படலம் கல்லு மாதிரி பிடிச்சிருக்கும், அவ்வளவு லேசுல வராது.

நாட்டு மருந்துக் கடையில நவச்சாரம் வாங்கி வினிகர்ல கரைச்சுப் பூசினா சில நாள்ல செம்பு பச்சையாகிரும். சில பேர் அதுகூடப் பண்றதில்லை, வெறும் பெயின்ட். பஞ்சுல அசிட்டோன் தொட்டுத் தடவினா பெயின்ட் பஞ்சுக்கு வந்துரும். நவச்சாரப் பச்சை வராது, அதுக்கு லென்ஸ்தான்.

இன்னொண்ணையும் சொல்லிடுறேன், கோவிச்சுக்காதீங்க. “நேத்து எடுத்தது”ன்னு ஒருத்தர் சொன்னா, அது பொய்யா இருந்தா காசும் போலியா இருக்கலாம். நிஜமா இருந்தா 1878 புதையல் சட்டப்படி அவர் கலெக்டருக்குத் தெரிவிச்சிருக்கணும். ரெண்டுல எதுவா இருந்தாலும் நான் டீக்காசு குடுத்துட்டுக் கிளம்பிருவேன்.

செல்லூர் சீனியர்

எல்லாரும் கழுவின காசைத் தீண்டத்தகாததா ஆக்குறீங்களே. எனக்கு ஆல்பத்துல 1862-ல இருந்து வருஷ வரிசை வேணும். கழுவினதுன்னு தெரிஞ்சே, கழுவின விலைக்கு வாங்குறேன். எங்க தப்பு?

காலணாப்பித்து

தப்பே இல்லைண்ணே. கழுவின காசுக்குக் கழுவாத விலையை வாங்குறதைத்தான் நான் சொன்னேன். உங்ககிட்ட ஒரு விஷயம் கேக்கணும், கழுவினதை மறுபடி கறுக்க வைக்கிறாங்களாமே?

செல்லூர் சீனியர்

ஆமா தம்பி. செவப்புன்னா இப்ப எல்லாரும் சந்தேகப்படுறாங்கல்ல, அதனால தொழில் அடுத்த கட்டத்துக்குப் போயிருச்சு. கழுவின காசுல கந்தகம் கலந்த களிம்பைத் தடவிச் சூடு காட்டினா சாக்லேட் பழுப்பு வந்துரும். ஒரு வியாபாரி காட்டின தட்டுல முப்பது காசு, முப்பதும் ஒரே பழுப்பு. விக்டோரியா கன்னமும் சரி, பின்னாடி தளமும் சரி, விளிம்பும் சரி, ஒரே சாயம். முப்பது காசு முப்பது வீட்டுல, முப்பது விதமான பொட்டியில இருந்திருக்கும், எப்படி ஒண்ணுபோலப் பழுக்கும்? மோந்து பார்த்தேன். லேசா தீப்பெட்டி வாடை. அவரும் சிரிச்சாரு, நானும் சிரிச்சேன். விலையைக் குறைச்சுக் கேட்டேன், குடுத்தாரு. வரிசையில ரெண்டு வருஷம் நிரம்பிச்சு.

பாத்திரக்கடை வீட்டுப் பொண்ணு

தாத்தா, நீங்க பெரிய ஆளு!

புதுசா வந்தவன் (உசிலம்பட்டி)

எல்லாருக்கும் வணக்கம். எங்க அப்பத்தா பொட்டியில ஓட்டைக் காலணா ஒரு கோர்வையா இருக்கு, 1943, 1944, 1945. கறுப்பா இருக்கு. எலுமிச்சம்பழம் வச்சுத் தேய்ச்சிரலாமான்னு கேக்க வந்தேன். மேல படிச்சதுக்கு அப்புறம் பயமா இருக்கு.

ஓய்வு வாத்தியார் (திருமங்கலம்)

தம்பி, தேய்க்காதீர்கள். கயிற்றை மெதுவாக வெட்டி எடுங்கள், உருவ வேண்டாம், கீறிவிடும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சுத்தமான அசிட்டோனில் நனைத்து, துடைக்காமல் காயவிடுங்கள். நகப்பூச்சு அழிக்கும் திரவம் வேண்டாம், அதில் வேறு சரக்கெல்லாம் சேர்ந்திருக்கும். அறையில் காற்றோட்டம் இருக்கட்டும், பக்கத்தில் அடுப்பு இருக்கக் கூடாது.

புதுசா வந்தவன் (உசிலம்பட்டி)

சரிங்கய்யா. ஒண்ணை மட்டும் வெயில்ல சாய்ச்சுப் பார்த்தேன். ஓட்டையோட உள்விளிம்புல, பக்கத்துக் காசு மறைச்ச இடத்துல கொஞ்சம் செவப்பு தெரியுது.

காலணாப்பித்து

படம் போடுங்க தம்பி. வெள்ளைத் தாள் மேல வச்சு.