வீட்டில் செய்த டைனீமா ஷேக்கிள்: ஒன்று மட்டும் ஏன் 2.7 டன்னிலேயே போனது?

வடகாற்று:
ஆக்லாந்தில் 30 அடி பாய்ப்படகு வைத்திருக்கிறேன். ஜிப் எனும் முன்பாயின் மூலையில் கயிற்றை இணைக்க இரும்பு ஷேக்கிள் (வளையக் கொக்கி) வேண்டாம் என்று (பாய் படபடக்கும்போது அது யார் தலையிலாவது அடித்துவிடுமோ என்ற பயம்) 5 மி.மீ. டைனீமாவில் (மிக வலுவான செயற்கை இழைக் கயிறு) கயிற்று ஷேக்கிள் ஆறு செய்தேன்; இரட்டையாக மடித்த கயிற்றின் ஒரு முனைக் கண்ணியில் மறுமுனை முடிச்சை மாட்டுவதுதான் அது. கயிற்றின் அறுபடு சுமை 2.5 டன் என்று போட்டிருக்கிறது. நண்பரின் பட்டறையில் ஹைட்ராலிக் ஜாக், 5 டன் தொங்கு தராசு வைத்து மூன்றை இழுத்துப் பார்த்தோம். 3.6, 3.9 டன்னில் இரண்டு அறுந்தன. மூன்றாவது அறுந்தே போகவில்லை, 2.7 டன்னில் முடிச்சு உருவிக்கொண்டு வந்துவிட்டது. ஷேக்கிளில் நாலு இழை சுமை தாங்குகிறதே, 10 டன் வர வேண்டாமா?

நங்கூரம்72:
நாலு இழை சரிதான், ஆனால் அந்த இழைகள் போய்ச் சேருகிற இடம் முடிச்சு. டைமண்ட் என்கிற அந்த உருண்டை முடிச்சுக்குள் கயிறு சட்டென்று வளைகிற இடத்தில் பாதி பலம்கூட மிஞ்சாது. அறுந்த இரண்டையும் எடுத்துப் பாருங்கள், முடிச்சுக்குள் நுழைகிற வாயில்தான் அறுந்திருக்கும். 3.9 என்பது கயிற்றைப்போல ஒன்றரை மடங்கு, கையால் செய்ததற்கு நல்ல எண்தான். உருவிக்கொண்டதுதான் கவலை. டைனீமா வழுக்கும், அதனால் முடிச்சை முதலிலேயே நன்றாக இழுத்து இறுக்கி உட்கார வைக்க வேண்டும், வாலை (முடிச்சுக்கு வெளியே மிஞ்சும் நுனியை) எவ்வளவு விட்டீர்கள்?

வடகாற்று:
அதில் மட்டும் 2 செ.மீ. விட்டு வெட்டினேன். மற்றவற்றில் 6.

நங்கூரம்72:
அப்போ அதுதான். கயிற்றின் விட்டத்தைப்போல பத்து மடங்காவது விடுங்கள், இல்லையென்றால் வாலைத் திரும்பக் கயிற்றுக்குள்ளேயே செருகிவிடுங்கள். இறுக்கிய பிறகுதான் வெட்ட வேண்டும், முதல் சுமையில் வால் கொஞ்சம் உள்ளே போகும்.

கரையோரன்:
எந்தப் பின்னில் (ஷேக்கிளைக் கோக்கும் கம்பியில்) மாட்டி இழுத்தீர்கள்? 8 மி.மீ. போல்ட்டில் மாட்டினால் அங்கேயே கயிறு நசுங்கி எண் குறைந்துவிடும், படகில் இருக்கிற வளையத்தின் பருமனிலேயே சோதியுங்கள். இன்னொன்று, தயவுசெய்து இழுக்கும் நேர்கோட்டில் யாரும் நிற்காதீர்கள். டைனீமா அதிகம் நீளாது என்பதால் பயமில்லை என்று பலர் சொல்கிறார்கள், ஆனால் அறுகிற நொடியில் பறப்பது தராசும் கொக்கியும். கனமான போர்வையைப் போட்டு, ஜாக்கைத் தள்ளியிருந்து மெதுவாக அடியுங்கள்.

பாய்க்காரன்:
முதலில் உங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று பாருங்கள். ஜிப்பின் பரப்பு சதுர அடியில், நாட் அளவில் காற்று வேகத்தின் வர்க்கம், 0.00431, மூன்றையும் பெருக்கினால் ஷீட்டின் (பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றின்) சுமை பவுண்டில் வரும். 300 சதுர அடி, 25 நாட் (மணிக்குச் சுமார் 46 கி.மீ.) காற்று என்றால் 808 பவுண்டு, அதாவது சுமார் 365 கிலோ. உங்கள் மோசமான ஷேக்கிளே ஏழு மடங்கு தாங்கியிருக்கிறது! அதனால் புதியதை அறுத்துப் பார்ப்பதில் எனக்கு ஆர்வம் குறைவு. வெயிலும் உரசலும் பட்டு இரண்டு பருவம் ஓடியதை இழுத்துப் பாருங்கள், அந்த எண்தான் கடலில் உங்களோடு வருகிறது.

வடகாற்று:
மீதி மூன்றுக்கும் வால் 6 செ.மீ. இருக்கிறது. இரண்டைப் படகில் மாட்டுகிறேன், ஒன்றை வீட்டுக்குள் இருட்டில் வைக்கிறேன். அடுத்த கோடை முடிந்ததும் மூன்றையும் ஒரே பின்னில் மாட்டி இழுத்து எண்ணை இங்கேயே போடுகிறேன்.