உரக்குவியலில் கறுப்பு வண்டு, என்ன மருந்து அடிப்பது?

கத்தரித்தோட்டம்: வணக்கம். உரக்குவியலில் சின்னக் கறுப்பு வண்டு மொய்க்கிறது. இரவானால் விளக்கைத் தேடிச் சமையலறைக்கும் வந்துவிடுகிறது. நாற்றைத் தின்றுவிடுமோ என்று பயம். வீட்டுக்குப் பின்னால் செம்பனை (எண்ணெய்ப்பனை) வேறு. என்ன மருந்து அடிக்கலாம்? அவசரம்.

மீனாம்மா: எந்த ஊர் தம்பி? வண்டு எவ்வளவு பெரிது? குவியலில் என்னென்ன போட்டீர்கள்? படம் இல்லையா?

செம்பனை வீரன்: காண்டாமிருக வண்டின் குட்டிதான், சந்தேகமே வேண்டாம். எங்கள் பக்கம் இளஞ்செம்பனையின் குருத்தையே துளைத்துவிட்டது. குவியலைக் கொளுத்துங்கள்.

பூச்சிப்பெட்டி: வண்டுக்குக் குட்டி கிடையாது. இதை இங்கே எத்தனை முறை எழுதுவது? கூட்டுப்புழுவிலிருந்து வண்டாக வெளியே வந்தபின் அளவு மாறாது. காண்டாமிருக வண்டு சுமார் 4 செ.மீ. இருக்கும். அடிப்படையைப் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

கத்தரித்தோட்டம்: மலேசியா, பேராக்கில் சுங்கை சிப்புட். கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. மாட்டுச் சாணி, காய்கறித் தோல், அழுகிய பப்பாளி போட்டிருக்கிறேன். போனில் படம் தெளிவாக விழவில்லை.

பச்சை வீடு: அழுகிய பழம் என்றால் அதை மொய்க்கும் கார்போஃபிலஸ் வண்டுதான். எங்கள் செம்படாக் மரத்தடியிலும் இதே தொல்லை. பப்பாளியை எடுத்தால் போய்விடும்.

பூச்சிப்பெட்டி: பார்க்காமல் பெயர் வைக்க வேண்டாம். ஒரு வண்டை வெள்ளைத் தாளில் போட்டு முதுகைப் பாருங்கள். கார்போஃபிலஸுக்குச் சிறகுமூடி குட்டை, வால்நுனி வெளியே தெரியும். முதுகு முழுவதும் மூடி, வழவழவென்று மேடாக இருந்தால் செர்சியானாக இருக்கலாம். 1817இல் ஆங்கில விலங்கியலாளர் லீச் பெயரிட்ட வண்டுப் பேரினம், 250க்கும் மேற்பட்ட இனங்கள். குடும்பம் நீர்வண்டுக் குடும்பம், ஆனால் இவற்றில் பெரும்பாலானவை தரையில், சாணியிலும் மக்கிலும் வாழ்பவை. வண்டு மக்கிய பொருளைத் தின்னும், அதன் புழு ஈப்புழுக்களைப் பிடித்துத் தின்னும். நாற்றைத் தொடாது. மருந்து அடித்தால் ஈயைக் குறைக்கிற பூச்சியைத்தான் கொல்வீர்கள்.

செம்பனை வீரன்: ஈ இருக்கட்டும். முன்பு செம்பனை மறுநடவில் பழைய மரங்களை எரித்தார்கள், காண்டாமிருக வண்டு இவ்வளவு இல்லை. இப்போது வெட்டிப் போட்டு அழுகவிடுகிறார்கள். அடிமரத்துக்குள்தானே முட்டையிடுகிறது?

மீனாம்மா: அண்ணே, அந்தப் புகையில் லயத்துப் பிள்ளைகள் இருமியது மறந்துபோச்சா? திறந்தவெளியில் எரிப்பதைச் சட்டமே தடுக்கிறது. தம்பியையும் கொளுத்தச் சொல்கிறீர்களே.

செம்பனை வீரன்: புகை நல்லது என்று நான் சொல்லவில்லை அம்மா. மரத்தைச் சன்னமாகச் சீவிப் பரப்பினால் சீக்கிரம் காய்ந்து மக்கும். அந்தச் செலவைச் செய்யாமல் பெரிய துண்டாகக் குவித்து வைத்தால் வண்டு வராமல் என்ன செய்யும்?

கத்தரித்தோட்டம்: பார்த்தேன். முதுகு முழுக்க மூடியிருக்கிறது, வால் தெரியவில்லை. மருந்து அடிக்கவில்லை. சன்னலுக்கு வலை போட்டாயிற்று. நன்றி.

பூச்சிப்பெட்டி: சரி. கிளறும்போது விரல் பருமனில் வளைந்த வெள்ளைப் புழு கிடைத்தால் உடனே எழுதுங்கள், காண்டாமிருக வண்டின் புழு அப்படித்தான் இருக்கும். அப்புறம், அளவுகோலை வைத்து இந்த வண்டின் படம் ஒன்று வேண்டும்.

பச்சை வீடு: பப்பாளியை எடுத்தீர்களா இல்லையா?