தோட்டத்தில் வேலை செய்துகொண்டே எடுத்த படங்கள் யாருக்குச் சொந்தம்?

செக்ரோல் கிராணி, சுங்கை சிப்புட்:

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்து சற்று உள்ளே இருக்கும் செம்பனைத் தோட்டமொன்றில் 16 ஆண்டுகளாகச் செக்ரோல் கிராணியாக, அதாவது தொழிலாளரின் வருகையும் வேலை நேரமும் குறிக்கும் ஏட்டை எழுதுபவனாக, இருக்கிறேன். படம் எடுப்பது என் வேலையன்று. ஆனால் நான் சொந்தமாகக் கேமரா வாங்கியது தெரிந்த நாளிலிருந்து, எதைப் படம்பிடிக்க வேண்டுமென்றாலும் ‘கிராணியைக் கூப்பிடு’ என்பதே இங்கு வழக்கமாகிவிட்டது. செம்பனை எண்ணெய் நிலைத்தன்மைக்கான எம்எஸ்பிஓ சான்றிதழ் 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து கட்டாயமான சமயத்தில், மருந்து ஸ்டோர், மருந்தடிப்பவர்களின் கையுறை, லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளின் கால்வாய் என்று தணிக்கைக்காக நூற்றுக்கணக்கில் எடுத்துக் கொடுத்தேன். அவற்றைப் பற்றி எனக்கு வழக்கு ஏதுமில்லை.

மனம் நொந்தது இவ்வாண்டு நாட்காட்டியைப் பார்த்துத்தான். மே மாதத்துப் பக்கத்தில் அச்சாகியிருப்பது நான் எடுத்த படம். பழைய லயத்தை இடித்த ஞாயிற்றுக்கிழமை காலையில், பக்கத்து வீட்டுச் சுவர் விழுந்து கிடக்க, தம் வாசலில் ஒரு பாட்டி வழக்கம்போல் கோலம் போட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்குப் பின்னால் மண்வாரி இயந்திரம் நிற்கிறது. நாட்காட்டியில் இயந்திரத்தை வெட்டிவிட்டார்கள். வலது கீழ் மூலையில் நான் இட்டிருந்த தலைப்பெழுத்துகளின் மேல் கம்பெனியின் சின்னம் உட்கார்ந்திருக்கிறது. தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் நான் போட்டதை அப்படியே எடுத்திருக்கிறார்கள்.

விசாரித்தபோது, ‘நீங்கள் கம்பெனி ஆள், எடுத்தது கம்பெனி நிலத்தில், ஆகவே படமும் கம்பெனியுடையது’ என்று அலுவலகத்தில் பதில் வந்தது. எங்கள் தமிழ்ப்பள்ளி கொண்டுவரும் மலருக்கு இந்தப் படங்களைத் தரலாமென்று ஆசிரியையிடம் சொல்லியிருந்தேன். லயத்தை இடித்தபோது எடுத்தவை, கோயில் தீமிதியில் எடுத்தவை, 2019இல் ஒரு சனிக்கிழமை இரவு நடந்த நீண்டகாலச் சேவை விருந்தில் நிர்வாகி கூப்பிட்டு எடுக்கச் சொன்னவை என மூன்று வகை அதில் உண்டு. இவை யாருக்குச் சொந்தம்?

பழைய ஸ்டூடியோக்காரர், தைப்பிங்:

கேமரா உங்களுடையது, விரல் உங்களுடையது, படமும் உங்களுடையதே. நான் 30 ஆண்டுகள் ஸ்டூடியோ நடத்தினேன். கல்யாணப் படங்களின் நெகட்டிவ் ஒன்றைக்கூட வெளியே கொடுத்ததில்லை. யாரும் வந்து உரிமை பேசியதுமில்லை.

கோவை வாசகர்:

இந்தியாவில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பணியின் நிமித்தம் உருவாக்கப்படுவது முதலாளிக்கே முதலில் சொந்தம் என்கிறது. ஆகவே நண்பர் அலுவலகத்துடன் மோதாமல் இருப்பது நல்லது.

சட்ட அலுவலக எழுத்தர், ஈப்போ:

கோவை நண்பர் சொன்னது அவருடைய நாட்டுச் சட்டம். இங்கே செல்லுவது 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், அதாவது சட்டம் 332. நான் வழக்குரைஞரல்லன், ஆனாலும் வழக்குரைஞர்களுக்காக இந்தச் சட்டத்தைப் புரட்டிப் புரட்டித் தாள் நைந்துபோன கை என்னுடையது. நிழற்படம் அதில் கலைப்படைப்பாகக் கருதப்படுகிறது. எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. எடுத்த கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது.

26ஆம் பிரிவு, உரிமை முதலில் படைத்தவரைச் சேரும் என்று தொடங்கி, உடனே இரண்டு விலக்குகளைச் சொல்கிறது. முதலாளியல்லாத ஒருவர் கேட்டுச் செய்வித்த படைப்பு செய்வித்தவருக்கும், வேலையின் போக்கில் உருவான படைப்பு முதலாளிக்கும் மாறியதாகக் கொள்ளப்படும். ஆனால் இரு தரப்பும் வேறு விதமாக ஒப்பந்தம் செய்திருந்தால் அந்த ஒப்பந்தமே நிற்கும். தைப்பிங் ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது: இச்சட்டம் நடப்புக்கு வந்த 1987 டிசம்பருக்குப் பிறகு, வீட்டார் கேட்டு நீங்கள் எடுத்த கல்யாணப் படங்களின் பதிப்புரிமை, வேறு பேச்சு இல்லாதவரை, கல்யாண வீட்டாருடையது. நெகட்டிவ் பெட்டி உங்கள் அலமாரியில் இருந்தது என்பது வேறு, உரிமை உங்களிடம் இருந்தது என்பது வேறு.

அதே காரணத்தால், கேமரா யார் பணத்தில் வாங்கியது என்பதும் இங்கே தீர்ப்புச் சொல்லாது. நிலம் யாருடையது என்பதும் அப்படித்தான். நிலத்துக்காரர் உள்ளே விடாமல் தடுக்கலாம், படமெடுக்கக் கூடாதென்று விதிக்கலாம். அதனால் எடுத்த படம் அவருடையதாகிவிடாது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: அந்தப் படத்தை எடுத்தது உங்கள் வேலையின் பகுதியா, இல்லையா? தணிக்கைப் படங்கள் நிர்வாகி சொல்லி, வேலை நேரத்தில், தோட்டத்தின் தேவைக்காக எடுத்தவை. செக்ரோல் எழுதுவதுதான் உங்கள் வேலை என்றாலும், முதலாளி ஒப்படைத்து நீங்களும் ஏற்றுச் செய்து வந்ததும் வேலைக்குள் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை, யாரும் சொல்லாமல், உங்கள் மனத்துக்காக எடுத்த கோலப் படம் அப்படியன்று. தீமிதிக்கும் அதே பதில், கோயில் குழுவினர் உங்களைக் கேட்டு எடுக்கச் சொல்லியிருந்தாலொழிய. சொல்லியிருந்தால் அது செய்வித்த படைப்பாகி அவர்களிடம் போய்விடும்.

விருந்துப் படங்களைப் பற்றி நீங்கள் எழுதியது போதவில்லை. அன்றைக்கு உங்களுக்கு ஓவர்டைம் போட்டார்களா? விருந்தாளியாகப் போனீர்களா, வேலையாளாகப் போனீர்களா? நியமனக் கடிதத்திலோ பணியாளர் கையேட்டிலோ படங்களைப் பற்றி ஏதேனும் உண்டா?

சிங்கப்பூரிலிருந்து ஒருவர்:

குழப்பம் வராமலிருக்க ஒரு வார்த்தை. எங்கள் ஊரில் 2021 நவம்பர் 21 முதல், கேட்டு எடுக்கப்பட்ட படமும் எடுத்தவருக்கே முதலில் சொந்தம் என்று மாற்றிவிட்டார்கள். இணையத்தில் தேடினால் இதுதான் முன்னால் வந்து நிற்கும். ஜொகூர் பாலத்தைத் தாண்டினால் செல்லாது. வேலையின் போக்கில் ஊழியர் எடுத்தது முதலாளிக்கு என்பதில் மட்டும் இரண்டு ஊருக்கும் வேற்றுமையில்லை.

செக்ரோல் கிராணி, சுங்கை சிப்புட்:

கையேட்டில் ‘பணி தொடர்பாக உருவாகும் ஆவணங்கள்’ என்று ஒரு வரி இருக்கிறது, அவ்வளவுதான். கோயில் குழு என்னைக் கேட்கவில்லை, நானாகவே போனேன்.

விருந்து விஷயத்தில் எனக்கு நானே சாட்சியாகிவிட்டேன். விருந்தாளியாகத்தான் போனேன் என்று உறுதியாகச் சொல்ல இருந்தேன். எதற்கும் பார்த்துவிடலாமென்று 2019ஆம் ஆண்டுச் செக்ரோலை ஸ்டோரிலிருந்து எடுத்துத் தூசி தட்டினேன். அந்தச் சனிக்கிழமைக்கு நேராக என் பெயரில் மூன்று மணி நேர ஓவர்டைம் எழுதியிருக்கிறது. கையெழுத்தும் என்னுடையதுதான்.

சட்ட அலுவலக எழுத்தர், ஈப்போ:

அப்படியானால் விருந்துப் படங்களை விட்டுவிடுங்கள், அவை கம்பெனியுடையவை. உள்ளதை உள்ளபடி சொன்னதற்கு நன்றி. இந்த ஏட்டைப் பற்றி அலுவலகத்துக்கு நீங்களே முதலில் சொல்வது உங்களுக்கு நல்லது, ஏனென்றால் மற்றப் படங்களைப் பற்றி நீங்கள் பேசும்போது உங்கள் சொல்லுக்கு மதிப்பிருக்கும்.

கோலப் படத்துக்கு இப்போது ஆதாரத்தைச் சேருங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது அது சுருங்கி, எடுத்த நாள், நேரம், கேமராவின் விவரம் எல்லாம் கழன்றுவிடும். அலுவலகத்திடம் இருப்பது அந்த மெலிந்த பிரதி. மூலக் கோப்பு உங்கள் கார்டில் இருக்க வேண்டும்; அதைத் திருத்தாமல் வேறோர் இடத்திலும் ஏற்றி வையுங்கள். மேலும் வேண்டுமானால் 42ஆம் பிரிவின்படி சத்தியப் பிரமாணம் ஒன்றை எழுதிக் கையெழுத்திடலாம்; நீதிமன்றம் அதை முதல்நிலைச் சான்றாக ஏற்கும். அரசின் அறிவுசார் சொத்துரிமை அமைப்பான மைஐபிஓவில் விரும்பி அறிவிக்கும் முறையும் 2012 முதல் இருக்கிறது, ஆனால் ஒரே படத்துக்கு அது அவசியமென்று நான் நினைக்கவில்லை.

இன்னொன்று, பலர் மறந்துவிடுவது. 25ஆம் பிரிவின்படி, படைத்தவரின் சம்மதமின்றி ஒரு படைப்பை அவர் பெயரில்லாமலோ வேறு பெயரிலோ காட்டக் கூடாது. அவருடைய மதிப்பைக் கெடுக்கும் அளவுக்கு அதைச் சிதைக்கவும் கூடாது. இது பதிப்புரிமைக்கு அப்பாற்பட்டு, படைத்தவரிடமே தங்கும் உரிமை. இயந்திரத்தை வெட்டியதும் தலைப்பெழுத்தை மூடியதும் இந்தப் பிரிவுக்குள் வரும் என்பது என் கருத்து. இயந்திரம் இல்லாத அந்தப் படம் வெறும் பொங்கல் வாழ்த்து அட்டையாகிவிட்டது. பதிப்புரிமை மீறலுக்குச் சட்டம் படைப்பு ஒன்றுக்கு 25,000 வெள்ளி (ரிங்கிட்) வரை இழப்பீடு வழங்க இடம் தருகிறதென்றாலும், மாதச் சம்பளம் வாங்கும் இடத்தின்மீது நாட்காட்டிப் படத்துக்காக வழக்குப் போடச் சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை:

மலருக்குப் படங்களைக் கேட்டவள் நான்தான். விருந்துப் படத்தில் எங்கள் பள்ளியின் பழைய காவலர் விருது வாங்குகிறார். அந்த ஒன்றையாவது போட வேண்டும். நிர்வாகி தொலைபேசியில் ‘தாராளமாகப் போடுங்கள், டீச்சர்’ என்று சொல்லிவிட்டார். அது போதாதா?

சட்ட அலுவலக எழுத்தர், ஈப்போ:

போதாது, அம்மா. பதிப்புரிமையை மாற்றுவதும், பயன்படுத்த உரிமம் தருவதும் எழுத்தில் இருந்தால்தான் செல்லும் என்று 27ஆம் பிரிவு சொல்கிறது. நிர்வாகி அடுத்த மாதமே வேறு தோட்டத்துக்கு மாற்றலாகிப் போகலாம். படத்தின் விவரம், மலரின் பெயர், எத்தனை பிரதி, இவற்றைக் குறிப்பிட்டு இரண்டு வரி வாங்கிக்கொள்ளுங்கள். லயத்துப் படங்களுக்குக் கிராணி ஐயாவிடமும் அதேபோல் எழுதி வாங்குங்கள். நண்பர்தானே என்று விட்டுவிட வேண்டாம்.

செக்ரோல் கிராணி, சுங்கை சிப்புட்:

கடிதத்தை நேற்று கொடுத்தேன். ஓவர்டைம் விஷயத்தை முதல் பத்தியிலேயே எழுதிவிட்டேன். நிர்வாகி படித்துவிட்டுச் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, மிச்சமிருக்கும் நாட்காட்டிகளில் என் பெயரை ஒட்டுத்தாளில் அச்சடித்து ஒட்டித் தருவதாகவும், அடுத்த அச்சில் முழுப் படத்தையும் போட என்னிடம் எழுத்தில் அனுமதி கேட்பதாகவும் சொன்னார். காவலர் படத்துக்கான கடிதத்தில் அங்கேயே கையெழுத்திட்டார்; ஆசிரியை இன்று பள்ளி முடிந்து வந்து வாங்கிக்கொள்ளலாம்.

கோலம் போட்ட பாட்டி இப்போது மகள் வீட்டில் இருக்கிறார். வெட்டாத படம் ஒன்றைக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இயந்திரத்தைத்தான் முதலில் பார்த்தார்.