கும்கி யானை வளர்ப்பு மிருகம் இல்லையா?

டீக்கடை_பெஞ்ச்:
ஒரு சந்தேகம். போன வாரம் முதுமலை தெப்பக்காடு யானை முகாமுக்கு குடும்பத்தோட போயிருந்தோம், பாகன் ஒரு சத்தம் குடுத்ததும் கும்கி முன்னங்கால மடிச்சு படிக்கட்டு மாதிரி நீட்டுது, அவரு காதப் புடிச்சு ஜம்முனு ஏறிட்டாரு. "நம்ம தாத்தா வீட்டு மாடு கூட இவ்ளோ சொன்ன பேச்சு கேக்காதே"ன்னான் என் பையன். பக்கத்துல நின்ன ஒரு வாத்தியார், யானை இன்னும் காட்டு மிருகம்தான், வளர்ப்பு மிருகம் கணக்குல வராதுன்னுட்டார். முல்லைப்பாட்டுலயே பாகனுங்க வடமொழில அதட்டி யானையப் பழக்குறது வருது, இத்தன காலம் பத்தலயா? ஆடு மாட்டுக்கு நடந்தது இதுக்கு ஏன் நடக்கல?

கூடலூர்வாசி:
வாத்தியார் சொன்னது சரிதாங்க. பழக்குறது அந்த ஒரு யானையோட முடிஞ்சுது, அதோட கன்னுக்கு மறுபடி முதல்லேர்ந்து பாடம் எடுக்கணும். மாட்டுல முட்டுற காளைய கழிச்சுட்டு சாதுவானத வச்சே தலைமுறை தலைமுறையா இனம் பெருக்கினாங்க. யானைல அது நடக்கவே இல்ல, கும்கிங்கள்லயே பல, ஊருக்குள்ள வந்து அட்டகாசம் பண்ணி புடிச்சு கரால்ல, அதான் மரக்கட்டைல கட்டின கூண்டுல, அடைச்சுப் பழக்கினதுதான். எங்க பக்கம் முகாம் யானைக்கு கேழ்வரகு, கொள்ளு, வெல்லம் எல்லாம் போட்டு கவளம் குடுத்துட்டு ராத்திரி கால் சங்கிலியோட காட்டுல மேய விடுவாங்க, விடிஞ்சதும் பாகனும் காவடியும் (பாகனோட உதவியாள்) சங்கிலி இழுபட்ட தடத்தப் பாத்துட்டே போய் கூட்டியாருவாங்க. அந்த ராத்திரில பொட்ட யானையோட சேர்றது பெரும்பாலும் காட்டுக் கொம்பன். அப்பன் யாருன்னு நாம முடிவு பண்ணலியே!

பழைய_கணக்கு:
சீட்டா கதையும் இதேதான், அதான் சிவிங்கிப்புலி. அக்பர் கிட்ட வேட்டைக்கு ஆயிரம் இருந்துச்சுன்னு எழுதி வச்சிருக்காங்க. கண்ணக் கட்டி மாட்டு வண்டில கூட்டிட்டுப் போய் மானப் பாத்ததும் அவுத்து விடுவாங்களாம், அவ்ளோ சாது. ஆனா அடைச்சு வச்சா குட்டி போடாது. ஒரே ஒரு தடவ 3 குட்டி போட்டத ஜஹாங்கீர் அதிசயமா குறிச்சு வச்சிருக்கார், அதுக்கப்புறம் 1956ல ஃபிலடெல்ஃபியா ஜூலதான். பொட்ட சீட்டா தனியா திரியுற சாதி, கூடவே இன்னொண்ண அடைச்சா ஒழுங்கா பருவத்துக்கே வராது. அதனால ஒவ்வொண்ணையும் காட்டுலேர்ந்துதான் புடிச்சாங்க. 1952ல இந்தியால அழிஞ்சே போச்சுன்னு அறிவிச்சாச்சு.

ராத்திரி_ஷிப்ட்:
நரி மேட்டர் யாரும் சொல்லலயே. 1959ல சைபீரியால பெல்யாயெவ்னு ஒரு விஞ்ஞானி, லுட்மிலா ட்ரூட்னு ஒரு அம்மாவும் கூட, பண்ணைல தோலுக்கு வளர்க்குற வெள்ளி நரிங்கள்ல கை நீட்டினா கடிக்க வராதத மட்டும் பொறுக்கி இனம் சேத்தாங்க. ஆறாவது தலைமுறைல குட்டிங்க வாலாட்டி கைய நக்குது! அப்புறம் காது தொங்குது, வால் சுருளுது, தோல்ல வெள்ளத் திட்டு. நரி ஒரு வயசுல ரெடி, ஒரு ஆள் ஆயுசுல 30 தலைமுறை பாத்துரலாம். யானைக்கு வயித்துல இருக்கறதே 20 மாசத்துக்கு மேல, அது வளந்து கன்னு போடறதுக்குள்ள நம்ம ஆளு ரிட்டயர் ஆயிடுவாரு.

பழைய_கணக்கு:
ஒரு சின்ன திருத்தம். அது காட்டு நரி இல்ல, கனடால பிரின்ஸ் எட்வர்ட் தீவுப் பண்ணைல ரொம்ப வருஷம் வளத்த வம்சம், வெள்ளத் திட்டெல்லாம் அங்கயே இருந்துச்சுன்னு பின்னாடி தெரிஞ்சுது. சும்மா ஆறு தலைமுறைல நாயாயிடுச்சுன்னு எடுத்துக்காதீங்க.

டீக்கடை_பெஞ்ச்:
ஓகே ஓரளவு புரியுது. அப்ப குன்னூர் ரோட்டுல ஹாயா நடந்து போற காட்டெருமை? அதுவும் மாட்டு ஜாதிதானே, யாரும் ட்ரை பண்ணலயா?

கூடலூர்வாசி:
பண்ணியாச்சுங்க, நாகாலாந்து அருணாச்சல் பக்கம். மிதுன்னு பேரு, நம்ம காட்டெருமையோட வளர்ப்பு வகை. அதுவும் பாதிக்குப் பாதிதான், தொழுவம் கிடையாது, காட்டுல தானா மேயும், உப்பு வைக்க ஆள் வந்தா கிட்ட வரும், காதுல வெட்டியிருக்கற அடையாளத்த வச்சு யாரோடதுன்னு சொல்லுவாங்க. அதுக்காக குன்னூர்ல எறங்கி உப்ப நீட்டிடாதீங்க சாமி.