வார்விக் சந்திப்பு சீரமைப்பு: உள்விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்

மார்க்கெட் தம்பி:
தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கும் வார்விக் சந்திப்பு என்றதும் பேச்சு உடனே, அங்குள்ள விடியற்காலை மார்க்கெட்டை இடித்து மால் கட்டப் பார்த்த 2009 சண்டைக்குப் போய்விடுகிறது. அதற்கு முன்னால் நகராட்சி அங்கே என்ன செய்தது, எப்படிச் செய்தது என்று யாரும் சொல்வதில்லை. சொந்தக் கதை வேண்டாம், வேலை நடந்த விதத்தை எழுதுங்கள்.

கிரே ஸ்ட்ரீட்காரர்:
தம்பி, முதலில் சட்டம். 1991இல் வந்த வணிகச் சட்டம் நடைபாதை வியாபாரிகளைக் கட்டிப்போட்டிருந்த பழைய விதிகளை எடுத்துவிட்டது. நாலைந்து வருடத்தில் பேரியா ஸ்டேஷனைச் சுற்றி நடைபாதை நிரம்பிவிட்டது. பஸ், டாக்ஸி, ரயில் மூன்றும் கூடும் இடம். ஒரு நாளைக்கு 4,60,000 பேர் கடக்கிறார்கள் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. அவ்வளவு கூட்டத்துக்குத் தண்ணீர்க் குழாயும் கழிப்பறையும் போதவில்லை.

1996இல் நகராட்சி இந்தப் பகுதிக்கென்றே தனித் திட்டம் தொடங்கியது. அதன் உயிர்நாடி கட்டடம் அல்ல. சுகாதாரம், சாக்கடை, லைசென்ஸ், போக்குவரத்து, காவல் என்று ஆளுக்கொரு மூலையில் இருந்த துறைகளின் ஆட்களைச் சந்திப்புக்குள்ளேயே ஓர் அலுவலகத்தில் உட்காரவைத்தார்கள். சாக்கடை அடைத்தால் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டாம், எழுந்து போய்ப் பார்க்கலாம். வியாபாரிகளோடு கூட்டமும் அங்கேயே நடந்தது. 2000களின் தொடக்கத்தில் இதே முறையை நகர மையம் முழுவதற்கும் விரித்து ஐட்ரம்ப் என்று பெயர் வைத்தார்கள். பரப்பு பெரிதானால் கவனம் சிதறும். என் கணக்கில் சரிவு அங்கேதான் தொடங்கியது.

வடிகால் ஆள்:
மாட்டுத் தலை சமைக்கும் ஜூலு அக்காமார்களின் இடத்தைச் சொல்கிறேன், வடிவமைப்பு என்றால் என்ன என்று அதில்தான் தெரியும். தலையை முழுசாக வேகவைத்து, கறியைப் பிரித்து, பலகையில் உப்போடு வைத்துத் தருவார்கள். தெருவில் அடுப்பு எரிந்த காலத்தில் வெந்த தண்ணீரை ஊற்ற ஒரே வழி மழைநீர்க் கால்வாய். கொழுப்பு சூடாக இருக்கும்போது தண்ணீர் போல ஓடும். பத்துப் பதினைந்து மீட்டர் போய் ஆறியதும் குழாயின் உள்சுவரில் மெழுகாக ஒட்டும், மேலே குப்பை சேரும், அடுத்த மழையில் தெரு குளமாகும். பிடித்து அபராதம் போட்டால் அந்த ஆள் வேறு மூலையில் போய் ஊற்றுவார், அவ்வளவுதான்.

அதனால் அவர்களுக்கென்று தனி இடம் கட்டி, தண்ணீர், கழுவும் மேடை, கழிவுநீர் போகும் வழியில் கொழுப்புத் தடுப்புத் தொட்டி எல்லாம் வைத்தார்கள். தொட்டியின் நடுவே ஒரு தடுப்புச் சுவர். கொழுப்பு மேலே மிதந்து நின்றுவிடும், தண்ணீர் சுவருக்கு அடியில் நுழைந்து வெளியேறும். தொட்டி சின்னதாக இருந்தால் வேலைக்கு ஆகாது. கொதிநீர் ஆறுவதற்குள் கொழுப்பும் கூடவே வெளியேறி, கீழே தெருக்குழாயை அடைக்கும்.

பாலம் பார்த்தவள்:
மூலிகை மார்க்கெட்டை விட்டுவிட்டீர்களே அண்ணா! ரசல் தெரு நடைபாதையில் வேரும் பட்டையும் விற்றவர்களை, பாதியில் நின்றுபோன ஃப்ரீவே மேம்பாலத்தின் மேல் கொண்டுபோனார்கள். ஆகாயத்தில் முடிந்த ரோடு அது, எதற்கும் உதவாமல் கிடந்தது. வியாபாரியை மேலே ஏற்றினால் வாடிக்கையாளர் ஏறுவாரா என்பதுதான் கேள்வி. நடைபாலம் சேர்த்து, ஸ்டேஷனிலிருந்து மார்க்கெட்டுக்கு நடக்கிறவர்கள் அந்த வழியாகவே போகும்படி செய்தார்கள். கடை ஆளைத் தேடி அலைய வேண்டியதில்லை, ஆள் தானாகக் கடையைத் தாண்டுவார். நடை ஓட்டத்துக்குப் பத்தடி விலகிக் கட்டிய ஸ்டால்கள் எத்தனையோ ஊரில் பூட்டிக் கிடப்பது இதனால்தான்.

அட்டை பொறுக்கும் பெண்களுக்கு நேரடிக் கொள்முதல் மையமும் வந்தது. இடைத்தரகரின் தராசிலிருந்து அவர்கள் தப்பினார்கள்.

கிரே ஸ்ட்ரீட்காரர்:
தம்பி கேட்காவிட்டாலும் 2009ஐச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சந்திப்பில் உள்ள விடியற்காலை மார்க்கெட்டின் வயதை 1910இலிருந்து கணக்கிடுவார்கள், ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் தோட்டக் காய்கறியில் வளர்ந்தது. புரட்டாசி விரதத்துக்கு வாழையிலை, தேங்காய், பூ வாங்க நம் ஆட்கள் இன்றும் அங்கேதான் போகிறார்கள். அதை இடித்து மால் கட்ட, 2010 கால்பந்து உலகக் கோப்பைக்கு முந்திய வருடம் முடிவெடுத்தார்கள். மாலின் வரைபடத்தில் டாக்ஸியிலிருந்து இறங்குகிறவர்கள் மாலுக்குள் போகும்படி பாதை திருப்பப்பட்டிருந்தது. அதாவது, தங்கச்சி சொன்ன அதே நடை ஓட்டத்தைத் தலைகீழாக்கியது. வெளியே நிற்கும் வியாபாரிக்கு இடம் இருந்தாலும் ஆள் வரமாட்டார். வழக்கு, போராட்டம், தெருவில் போலீஸ் எல்லாம் நடந்து, 2011இல் கவுன்சில் அந்த முடிவைத் திரும்பப் பெற்றது.

மார்க்கெட் தம்பி:
நன்றி ஐயா. வடிகால் அண்ணாவுக்கு ஒரு கேள்வி. அந்தத் தொட்டியை எப்போது அள்ள வேண்டும்?

வடிகால் ஆள்:
மேலே மிதக்கும் கொழுப்பையும் அடியில் படியும் சேற்றையும் ஒரு கம்பை விட்டு அளக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து தொட்டி ஆழத்தில் கால் பங்கைத் தொட்டால் அள்ளும் நேரம் வந்துவிட்டது. வெந்நீர் ஊற்றிக் கரைக்கிற வேலையே கூடாது, கரைந்தது குழாயில் போய் உறையும். அள்ளியதை மூடியுள்ள டிரம்மில் போட்டு வைக்கவும். அள்ளும் பொறுப்பு யாருடையது என்பதை ஸ்டால் பெர்மிட் கொடுக்கும் நாளிலேயே எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் வியாபாரி நகராட்சியைக் காட்டுவார், நகராட்சி வியாபாரியைக் காட்டும், தொட்டி நிரம்பும்.