ஞாயிறு மாலை ஏழு மணிக்கு எந்த டவுன்டவுன் விழித்திருக்கிறது?

கேட்டிக்காரன் (ஹூஸ்டன் புறநகர்)

அமெரிக்க நகரங்களில் எந்த டவுன்டவுன், அதாவது நகர மையம், உயிரோட்டமானது என்ற இந்த விவாதத்துக்குள் நியூயார்க்கை இழுக்க வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். யானையைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு ஆட்டை எடை போட முடியாது.

போன மாதம், ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவையும் அம்மாவையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஹூஸ்டன் டவுன்டவுனுக்கு அழைத்துப் போனேன். எட்டு ஆண்டுகளாக நான் வேலைக்குப் போய்வரும் இடம்தான். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் கட்டடங்கள். குனிந்து பார்த்தால் ஆளில்லாத நடைபாதை. சிக்னல் யாருக்காகவோ பச்சை, சிவப்பு என்று மாறி மாறி எரிந்துகொண்டிருந்தது. அம்மாவுக்குத் தலைவலி மாத்திரை வாங்க மூன்று தெரு நடந்தோம். திறந்த கடை ஒன்றும் கண்ணில் படவில்லை. அப்பா மெல்லக் கேட்டார்: "இன்றைக்கு ஏதாவது பந்த்தா?"

அலுவலகத்தில் சிகாகோவுக்கோ பிலடெல்பியாவுக்கோ மாற்றல் கேட்கலாம் என்கிறார்கள். அதனால்தான் கேட்கிறேன். உண்மையிலேயே உயிரோட்டமுள்ள டவுன்டவுன் எது? அலுவலக நேரத்தில் வேண்டாம். ஞாயிறு மாலை ஏழு மணிக்குச் சொல்லுங்கள்.

ஏரிக்காற்று (சிகாகோ)

இதில் விவாதிக்க என்ன இருக்கிறது? எங்கள் டவுன்டவுனான லூப். தலைக்கு மேலே இரும்புத் தூண்களின் மீது ரயில் கடகடவென்று சுற்றி வருகிறது. கீழே மனிதர்கள் நடக்கிறார்கள். ரயில் தண்டவாளங்கள் கிடந்த இடத்தின் மேல் மூடி போட்டு 2004இல் மில்லினியம் பூங்காவைத் திறந்தார்கள். கோடைக்கால ஞாயிறு மாலையில் அங்கே உட்கார இடம் கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

பார்வையாளர் கூட்டம் மட்டும் என்று நினைக்காதீர்கள். லூப்பில் குடியிருப்பவர்கள் 2010இல் ஏறத்தாழ 29,000 பேர். 2020 கணக்கெடுப்பில் 42,000ஐத் தாண்டிவிட்டார்கள். வங்கிகள் நிறைந்த லசால் தெருவிலேயே பழைய அலுவலகக் கட்டடங்களை வீடுகளாக மாற்றும் வேலை நடக்கிறது. மாற்றல் கேளுங்கள், குளிருக்கு நல்ல கோட்டு ஒன்று வாங்குங்கள்.

பயூக்கரை (ஹூஸ்டன்)

கேட்டிக்காரரே, கேட்டியில் நான்கு படுக்கையறை வீட்டில் வாழ்ந்துகொண்டு டவுன்டவுனில் ஆள் இல்லை என்று நீங்கள் வருந்துவது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. நீங்கள் இல்லாததால்தானே ஆள் இல்லை!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்ட் மாதத்தில் எங்கள் ஊர் நடைபாதையில் பத்து நிமிடம் நின்றவர்களுக்கு மட்டுமே இதைப் பேசும் உரிமை உண்டு. அந்த வெயிலுக்குத்தான் தரைக்கு அடியில் ஆறு மைலுக்கு மேல் சுரங்கப்பாதை இருக்கிறது. 95 பிளாக்குகளை, அதாவது நான்கு பக்கமும் தெரு சூழ்ந்த கட்டங்களை, இணைக்கிறது. உணவகம், முடிதிருத்தகம், செருப்புத் தைக்கும் கடை என்று எல்லாம் கீழே. வேலை நாளில் மதியம் பன்னிரண்டு மணிக்கு வந்து பார்த்துவிட்டு அப்புறம் 'பிணம்' என்று சொல்லுங்கள். மேலே 2008இல் திறந்த டிஸ்கவரி கிரீன் பூங்கா இருக்கிறது, பேஸ்பால் மைதானம் இருக்கிறது, நாடக அரங்குகள் இருக்கின்றன.

இன்னொன்று. ஊரின் உயிர் டவுன்டவுனில்தான் இருக்க வேண்டும் என்று யார் எழுதிவைத்தது? ஹில்கிராஃப்ட் சாலையில், 2010இல் மகாத்மா காந்தி மாவட்டம் என்று பெயர்ப்பலகை வைத்தார்களே, அங்கே உங்கள் அப்பாவை அழைத்துப் போயிருந்தால் பந்த்தா என்று கேட்டிருக்க மாட்டார். கார் நிறுத்த இடமில்லை என்றுதான் திட்டியிருப்பார்.

செங்கல்சந்து (பிலடெல்பியா)

பயூக்கரை ஐயா 'பிணம்' என்ற சொல்லை யாரும் சொல்லாமலே சொல்லிவிட்டார். அடிமனத்தில் இருப்பது வெளியே வந்துவிடும்.

நீங்கள் பெருமையாகச் சொல்லும் அந்தச் சுரங்கமே குற்றவாளி என்பது என் கட்சி. வெயில் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் கடையும் உணவகமும் தரைக்குக் கீழே போன பிறகு தெருவுக்கு என்ன மிச்சம்? கண்ணாடிச் சுவரும் கார் நிறுத்தக் கட்டடத்தின் வாயும். கடை இல்லாத தெருவில் யாரும் நடக்க மாட்டார்கள். யாரும் நடக்காத தெருவில் யாரும் கடை போட மாட்டார்கள். சுரங்கமோ, பெரும்பகுதி தனியார் கட்டடங்களின் அடித்தளம். மாலை ஆனதும் பூட்டு. அலுவலகம் மூடினால் ஊரே மூடும் ஏற்பாட்டை நீங்களே கட்டிவைத்துவிட்டு, சூரியன் மேல் பழி போடுகிறீர்கள்.

எங்கள் டவுன்டவுனான சென்டர் சிட்டியின் கதை வேறு. 1682இல் வில்லியம் பென் போட்ட திட்டத்தின் தெருக்கள். இடையிடையே குதிரைவண்டிக் காலத்துச் சந்துகள். 1997இல் நகர நிர்வாகம் ஒரு காரியம் செய்தது. பழைய அலுவலகத்தையும் ஆலையையும் வீடாக மாற்றினால், அந்த மேம்பாட்டு மதிப்புக்குப் பத்து ஆண்டுகள் சொத்து வரி இல்லை என்றது. பிறகு புதிய கட்டடங்களுக்கும் அதை நீட்டினார்கள். பணக்காரர்களுக்குச் சலுகை என்ற சண்டை இன்றும் ஓயவில்லை, அதில் நியாயமும் உண்டு. ஆனால் ஆட்கள் குடிவந்தார்கள். ரிட்டன்ஹவுஸ் சதுக்கத்தில் ஞாயிறு மாலை ஏழு மணிக்கு பெஞ்ச் காலியாக இருக்காது. மாத்திரையும் கிடைக்கும்.

பயூக்கரை (ஹூஸ்டன்)

பெஞ்சில் யாராவது உட்கார்ந்திருந்தால் அது உயிரோட்டமா? எங்கள் மைதானத்துக்கு ஒரே நாளில் வரும் கூட்டம் உங்கள் சதுக்கத்துக்கு ஒரு வாரத்தில் வராது.

செங்கல்சந்து (பிலடெல்பியா)

பேஸ்பால் பருவத்தில் சொந்த மைதானத்தில் 81 ஆட்டங்கள். ஆண்டுக்கு 365 நாள். கழித்துப் பாருங்கள்.

பழைய பொறியாளர் (டெட்ராய்ட்)

தம்பிகளே, அம்மா, மைதானத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லலாம். எங்கள் ஊரின் நான்கு பெரிய அணிகளும் டவுன்டவுனிலோ அதை ஒட்டியோதான் விளையாடுகின்றன. இப்படி ஒரு பாக்கியம் பல ஊர்களுக்குக் கிடையாது. ஆட்டம் இருக்கும் இரவில் உட்வர்ட் அவென்யூவில் நடக்கவே முடியாது. ஆட்டம் முடிந்து நாற்பது நிமிடத்தில் எல்லோரும் விரைவுச்சாலையில் இருப்பார்கள். தேர் நிலைக்கு வந்ததும் கலையும் கூட்டம் அது.

1998 அக்டோபரில் ஹட்சன்ஸ் பல்பொருள் அங்காடிக் கட்டடத்தை வெடிவைத்துத் தகர்த்த அன்று நானும் தொலைவில் நின்றேன். அந்தக் கட்டடம் அரை நிமிடத்தில் மண்ணாயிற்று. அந்த இடம் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வெறுமனே கிடந்தது. 1950இல் 18 லட்சத்துக்கும் மேல் மக்கள் இருந்த ஊர் 2020இல் ஆறரை லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. அப்படிப்பட்ட ஊரில் முதலில் திரும்பிவந்த உயிர் எது தெரியுமா? மைதானம் இல்லை. 2004இல் கேம்பஸ் மார்ஷியஸ் என்ற சின்னப் பூங்கா. குளிர்காலத்தில் பனிச்சறுக்குத் தளம், கோடையில் மணலும் நாற்காலிகளும். டிக்கெட் எடுக்காமல் உட்காரலாம். அதைச் சுற்றித்தான் அலுவலகங்களும் பிறகு வீடுகளும் வந்தன. ஹட்சன்ஸ் இடத்தில் இப்போது கோபுரம் எழுந்திருக்கிறது. டெட்ராய்ட்தான் சிறந்தது என்று சொல்ல வரவில்லை. பிப்ரவரியில் வந்து பார்த்தால் நீங்களும் சொல்ல மாட்டீர்கள்.

பயூக்கரை (ஹூஸ்டன்)

ஐயா, தேரே ஓடாத ஊரைவிடத் தேர் ஓடும் ஊர் மேல்தானே?

செங்கல்சந்து (பிலடெல்பியா)

தேருக்காக வீதியில் இருப்பவர்களை விரட்டாத வரைக்கும். எங்கள் கூடைப்பந்து அணிக்குச் சென்டர் சிட்டியின் மார்க்கெட் கிழக்குப் பகுதியில், சைனாடவுனை ஒட்டி அரங்கம் கட்டப் போவதாக இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இழுத்தார்கள். சைனாடவுன் மக்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். 2024 டிசம்பரில் நகர மன்றம் ஒப்புதல் கொடுத்தது. அடுத்த மாதமே அணி அந்தத் திட்டத்தைக் கைவிட்டு, பழைய இடத்துக்குத் திரும்புவதாக அறிவித்தது. அந்த அரங்கத்தை நம்பி எத்தனை கூட்டங்கள், எத்தனை சண்டைகள்!

ஏரிக்காற்று (சிகாகோ)

மார்க்கெட் கிழக்கு என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், சகோதரி. அந்தப் பக்கம் எப்படி இருக்கிறது என்று கேட்டிக்காரருக்குச் சொன்னீர்களா? பூட்டிய கதவுகளின் வரிசை. உங்கள் புகழ்பெற்ற ரீடிங் டெர்மினல் சந்தையும் மாலை ஆறு மணிக்கு மூடிவிடும். ஏழு மணிச் சோதனையில் தோல்வி.

செங்கல்சந்து (பிலடெல்பியா)

மார்க்கெட் கிழக்கு சோகமாகத்தான் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். சந்தை 1893 முதல் இருக்கிறது, அதற்கும் தூக்கம் வேண்டும். ஆறு மணிக்குச் சந்தை மூடும், தெரு மூடாது. உங்கள் ஸ்டேட் தெருவைப் பற்றியும் கொஞ்சம் சொல்லுங்களேன்.

ஏரிக்காற்று (சிகாகோ)

சொல்கிறேன், மறைக்க ஒன்றுமில்லை. 1979இல் கார்களை விலக்கிவிட்டு, பஸ்ஸுக்கும் நடப்பவர்களுக்கும் மட்டும் என்று ஸ்டேட் தெருவை மாற்றினார்கள். நடைபாதையை அகலமாக்கினார்கள். அகலமான நடைபாதையில் அதே பழைய கூட்டம் நடந்தபோது தெரு இன்னும் வெறிச்சோடித் தெரிந்தது. 1996இல் கார்களைத் திரும்ப விட்டார்கள். காரை விலக்கினால் கூட்டம் தானாக வந்துவிடும் என்று நம்புகிறவர்களுக்கு இந்தத் தெருவைக் காட்டலாம். இப்போதும் அங்கே காலிக் கடைகள் உண்டு. ஆனாலும் லூப் லூப்தான்.

வடதுருவம் (மினியாபொலிஸ்)

சுரங்கத்தைத் திட்டுகிறீர்களே, எங்கள் ஊரில் அதையே இரண்டாவது மாடியில் கட்டிவைத்திருக்கிறோம். 1962இல் தொடங்கிய, கட்டடத்துக்குக் கட்டடம் போகும் மூடிய நடை மேம்பாலங்கள், இன்று 80 பிளாக்குகளை இணைக்கின்றன. ஜனவரியில் சட்டையோடு நடந்து போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம். செங்கல்சந்து அம்மா சொல்வது முழு உண்மை. ஆனால் வெளியே மைனஸ் இருபத்தைந்தில் அந்த உண்மையைப் பேச வாய் திறக்க முடியாது.

கேட்டிக்காரன் (ஹூஸ்டன் புறநகர்)

எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். 2022இல், கொரோனா அடியிலிருந்து டவுன்டவுன்கள் எவ்வளவு மீண்டன என்று கைப்பேசித் தரவை வைத்து ஒரு ஆய்வு வந்ததே? சால்ட் லேக் சிட்டி 155 விழுக்காடு, சான் பிரான்சிஸ்கோ 31 விழுக்காடு, கடைசி. அப்படியானால் நான் சால்ட் லேக்குக்கு அல்லவா போக வேண்டும்?

மூடுபனி (சான் பிரான்சிஸ்கோ)

இதற்காகத்தான் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்தேன். அந்த 31 என்பது, கொரோனாவுக்கு முந்தைய எங்கள் கூட்டத்தில் 31 விழுக்காடு. அந்த 155, சால்ட் லேக்கின் பழைய கூட்டத்தில். ஒவ்வொரு ஊரையும் அதன் பழைய நிழலோடு ஒப்பிட்ட கணக்கு அது. ஊரோடு ஊரை அல்ல. நூறு பேர் இருந்த தெருவில் நூற்று ஐம்பத்தைந்து பேர் வந்தால் வெற்றி. பத்தாயிரம் பேர் இருந்த தெருவில் மூவாயிரம் வந்தால் சாவு. செய்தித் தலைப்பு எழுதியவர்கள் இதைச் சொல்லவில்லை.

எங்கள் நிதி மாவட்டம் அடி வாங்கியது உண்மைதான். கணினி இருந்தால் வீட்டிலிருந்தே வேலை செய்யக்கூடியவர்களை மட்டும் வைத்து ஒரு டவுன்டவுனை நிரப்பினோம், அவர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். மார்க்கெட் தெருவின் பெரிய அங்காடி 2023இல் மூடப்பட்டது. ஆனால் அங்கிருந்து சில நிமிடம் நடந்தால் சைனாடவுன். அங்கே காய்கறிப் பெட்டிகள் நடைபாதையை மறித்துக்கொண்டிருக்கும், பாட்டிமார்கள் உங்களை முழங்கையால் தள்ளிவிட்டுப் போவார்கள். எல்லைக் கோட்டை எங்கே போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து எங்கள் டவுன்டவுன் செத்ததாகவும் இருக்கும், உயிரோடும் இருக்கும்.

சால்ட் லேக் போகிறவருக்கு ஒரு தகவல்: அங்கே ஒரு பிளாக்கின் நீளம் 660 அடி. போர்ட்லாந்தில் 200 அடி. மாத்திரைக் கடை மூன்று பிளாக் தள்ளி என்றால் அம்மா எவ்வளவு நடக்க வேண்டும் என்று பெருக்கிக்கொள்ளுங்கள். டவுன்டவுனின் பெரிய மாலில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் கிடையாது. உங்கள் அப்பா மறுபடியும் பந்த்தா என்றுதான் கேட்பார்.

பயூக்கரை (ஹூஸ்டன்)

கணக்கு, ஆய்வு எல்லாம் போதும். வரும் ஞாயிறு மாலை ஏழு மணிக்கு ஒவ்வொருவரும் தத்தம் டவுன்டவுனில் ஒரு மூலையில் நின்று பத்து நிமிடம் ஆட்களை எண்ணி இங்கே எழுதுங்கள். நானும் நிற்கிறேன். வெயில் இருந்தாலும் நிற்கிறேன்.

செங்கல்சந்து (பிலடெல்பியா)

ஒரே நிபந்தனை. அன்றைக்கு ஆட்டம் இருக்கக் கூடாது.

பயூக்கரை (ஹூஸ்டன்)

ஒப்புக்கொள்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

வடதுருவம் (மினியாபொலிஸ்)

மேம்பாலத்தில் போகிறவர்களை எண்ணலாமா?

செங்கல்சந்து (பிலடெல்பியா)

கூடாது. தரையில் கால் பட வேண்டும்.

ஏரிக்காற்று (சிகாகோ)

பெட்டியை உருட்டிக்கொண்டு ஓட்டலுக்குப் போகிறவர்கள்?

பழைய பொறியாளர் (டெட்ராய்ட்)

அவர்கள் விருந்தாளிகள். தனியாக எழுதுங்கள்.

கேட்டிக்காரன் (ஹூஸ்டன் புறநகர்)

நாயை நடக்க அழைத்துவருகிறவர்கள்?

பழைய பொறியாளர் (டெட்ராய்ட்)

அவர்களை முதலில் எண்ணுங்கள், தம்பி. கேட்டியிலிருந்து யாரும் நாயைக் காரில் ஏற்றிக்கொண்டு ஞாயிறு மாலை டவுன்டவுனுக்கு வந்து நடக்கவிட மாட்டார்கள். நாய் இருந்தால் மேலே எங்கேயோ ஒரு வீட்டில் விளக்கு எரிகிறது.